கஞ்சி நன்றாகக் குடிக்கிற பிள்ளைக்கு எடை ஏன் ஏறவில்லை?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டம், ராதாபுரம் பக்கத்துக் கிராமம். எட்டு மாத ஆண் குழந்தை. ஆறு மாதத்தில் 7.1 கிலோ இருந்தான், இப்போது 7.3. காலையில் கேப்பைக் கஞ்சி, மதியம் பருப்புத் தண்ணி, சாயங்காலம் பசும்பால். டம்ளர் டம்ளராகக் குடிக்கிறான். நான் வள்ளியூரில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறேன், மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார்கள். காலையும் இரவும் தாய்ப்பால் உண்டு. பால்வாடியில் எடை நார்மல் என்கிறார்கள். கவலைப்பட வேண்டுமா?

பதில்:

பயப்பட வேண்டாம். ஆனால் இந்த வாரமே சாப்பாட்டை மாற்றுங்கள். பால்வாடியில் சொன்னது தவறு என்று சொல்ல முடியாது. எட்டு மாத ஆண் குழந்தைக்கு 6.9 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்று வகைப்படுத்துவார்கள், உங்கள் பிள்ளை அதற்கு மேலேதான் இருக்கிறான். ஆனால் வளர்ச்சி அட்டையில் புள்ளி எந்த நிறத்தில் விழுகிறது என்பதைவிட, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். ஆறு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் ஓர் ஆண் குழந்தை சராசரியாக 700 கிராம் ஏற வேண்டும். உங்கள் பிள்ளை ஏறியது 200. கோடு படுத்துவிட்டது. இன்னும் சில மாதம் இப்படியே போனால் அவன் தானாகவே எடைக்குறைவைக் காட்டும் மஞ்சள் பட்டைக்குள் இறங்கிவிடுவான். அப்போது எல்லாரும் பதறுவார்கள். கவனிக்க வேண்டிய நேரம் இப்போதுதான்.

நீங்கள் எழுதியதில் ஒரு சொல் கண்ணில் படுகிறது: குடிக்கிறான். எட்டு மாதப் பிள்ளை சாப்பிட வேண்டும். நாள் முழுக்க அவன் வயிற்றுக்குள் போவது பெரும்பாலும் தண்ணீர்.

கணக்கைப் பாருங்கள். குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லிதான் கொள்ளும். 7.3 கிலோ பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 220 மில்லி, அதற்கு மேல் இடமில்லை. ஒரு டேபிள் ஸ்பூன் கேப்பை மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் அதில் இருப்பது முப்பது, முப்பத்தைந்து கலோரி. பருப்பு வெந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரில் அதுவும் இல்லை, சத்தெல்லாம் அடியில் தங்கிய பருப்பில் கிடக்கிறது. தாய்ப்பாலுக்கு மேலே 6 முதல் 8 மாதம் வரை நாளொன்றுக்கு 200 கலோரி, 9 மாதத்திலிருந்து 300, ஒரு வயதுக்குப் பிறகு 550 கலோரி சாப்பாட்டிலிருந்து வர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நீர்க்கக் காய்ச்சிய கஞ்சியில் 200 கலோரி சேர்க்க ஆறு டம்ளர் ஊற்ற வேண்டும். எந்தப் பிள்ளையாலும் முடியாது. வயிறு நிறைந்துவிடுகிறது, அழுகையும் நின்றுவிடுகிறது, அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்த பிள்ளை ஏழு, எட்டு மாதத்தில் இளைப்பதற்கு முதல் காரணம் இதுதான். வீட்டில் அரிசியும் பருப்பும் இருக்கும், பிள்ளையின் வாய்க்குப் போகும்போது அது நீர்த்துப் போயிருக்கும்.

இப்படிச் செய்யுங்கள். புழுங்கலரிசி 3 பங்கு, சிறுபருப்பு 1 பங்கு. கழுவி, வேட்டியில் பரப்பி ஈரம் போகக் காய வைத்து, தனித்தனியாக வாசம் வரும்வரை வறுத்து, மிக்சியில் ரவை பதத்துக்குத் திரித்துக்கொள்ளுங்கள். ஈரமில்லாத டப்பாவில் பதினைந்து நாள் தாங்கும், அதற்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம். ஒரு வேளைக்கு இந்த மாவு 25 கிராம், அதாவது தலைதட்டிய இரண்டு டேபிள் ஸ்பூன். 200 மில்லி தண்ணீரில் கட்டி விழாமல் கரைத்து, சிறுதீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிண்டினால் 150 மில்லியாக இறுகி நிற்கும். இறக்கியதும் ஒரு டீஸ்பூன் நெய்யோ தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ விடுங்கள். மாவில் 85 கலோரி, எண்ணெயில் 45, ஆக 130. இரண்டு வேளை கொடுத்தாலே 200 தாண்டிவிடும், வயிற்றிலும் இடம் மிச்சமிருக்கும். டீஸ்பூன் அளவில் சந்தேகம் இருந்தால் காய்ச்சல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியில் 5 மில்லி கோடு பார்த்து அளந்துகொள்ளுங்கள். பதம் சரியா என்று பார்க்க, கரண்டியில் எடுத்துச் சாயுங்கள். ஓடினால் நீர்த்தது. மெதுவாக வழுக்கி, பொத்தென்று விழ வேண்டும்.

எண்ணெய் விட்டால் பேதியாகும் என்று பயப்படுவார்கள். வேளைக்கு ஒரு டீஸ்பூன் ஒன்றும் செய்யாது. உப்பு, சீனி, கருப்பட்டி எதுவும் ஒரு வயது வரை சேர்க்க வேண்டாம். உடன்குடிக் கருப்பட்டியில் இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். பிள்ளைக்குப் போடுகிற அளவில் இனிப்புதான் மிஞ்சும், இரும்பு கணக்கில் வராது. தேன் ஒரு வயதுவரை நாக்கில் தடவவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விதை கைக்குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

கேப்பையை விட வேண்டியதில்லை, முளைகட்டிப் பயன்படுத்துங்கள். இதில் ஒரு நல்ல வித்தை உண்டு. கேப்பையைப் பன்னிரண்டு மணி நேரம் ஊற வைத்து, ஈரத்துணியில் மூட்டை கட்டி ஒன்று, ஒன்றரை நாள் வையுங்கள், அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள். வெள்ளை முளை நன்றாக நீண்டதும் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, கையால் கசக்கி முளையை உதிர்த்துப் புடைத்து, மாவாகத் திரியுங்கள். முளைக்கிற தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ் என்ற நொதி உண்டாகிறது. கஞ்சி கெட்டியாக இருந்தால் பிள்ளை முழுங்க மாட்டேன் என்கிறதா? அரிசி-பருப்புக் கஞ்சியைக் கெட்டியாகவே காய்ச்சி, கொதி அடங்கிக் கை பொறுக்கிற சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போது, அரை டீஸ்பூன் முளைக்கேப்பை மாவைப் போட்டுக் கலக்குங்கள். நாலைந்து நிமிடத்தில் களிபோல் நின்றது கூழ்போல் இளகிவிடும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை, சத்து அப்படியே இருக்கிறது. இளகியதும் ஒரு கொதி விட்டு இறக்குங்கள், முளைகட்டும்போது சேர்ந்த கிருமி சாகட்டும். கொதிக்கும்போதே மாவைப் போட்டால் நொதி செத்துவிடும், இளகாது. நிறம் மாற வறுத்த கடை மாவிலும் இது நடக்காது. வாய்ப்புண், சளி, காய்ச்சலில் பிள்ளை கெட்டியாக எதையும் தொடாத நாட்களில் இது கை கொடுக்கும்.

இருபது பொருள் போட்ட சத்துமாவு தேவையா என்றால் தேவையில்லை. பொருள் கூடக் கூட எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. பூஞ்சை பிடித்த நிலக்கடலை ஒரு கை கலந்தாலும் மாவு முழுவதும் கெடும். பால்வாடியில் தருகிற இணை உணவு மாவு நல்லது, அதை வாங்காமல் விடாதீர்கள். ஆனால் அதை வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு டம்ளர் காய்ச்சிக் குடித்துத் தீர்த்துவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அது பிள்ளைக்காக மட்டும் அளந்து தரப்படுவது. அதில் வெல்லம் ஏற்கெனவே இருக்கும், மேலே இனிப்பு வேண்டாம்.

அடுத்தது இரும்புச்சத்து. தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இருப்பு ஆறு மாதத்தோடு தீரும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு, பசும்பாலிலும் குறைவு. கேப்பையில் இரும்பு இருந்தாலும் அதோடு சேர்ந்த ஃபைட்டேட் அதை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். கேப்பை சுண்ணாம்புச் சத்துக்கு நல்லது, ரத்தத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. பிள்ளைகளைப் பட்டினி போடாத மாநிலத்தில் இந்த எண். மனம் வலிக்கிற எண் அது.

ஆகவே நாளைக்கே முட்டையைத் தொடங்குங்கள். நன்றாக அவித்து, முதல் இரண்டு நாள் கால் பங்கு, அரிப்போ வாந்தியோ இல்லையென்றால் அரை, பிறகு முழுசு. மஞ்சள் கரு மட்டும் என்பதெல்லாம் பழைய கணக்கு, வெள்ளையும் கொடுக்கலாம். உவரி, இடிந்தகரைப் பக்கத்திலிருந்து உங்கள் ஊருக்குச் சைக்கிளிலும் வண்டியிலும் மீன் வரும். சாளை மலிவு, சத்து அதிகம், ஆனால் முள் பொடி. அவித்து, நடுமுள்ளை உருவி, விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்துக் கஞ்சியில் மசிக்கப் பொறுமை வேண்டும். பொறுமை இல்லாத நாளில் பாறையோ சீலாவோ ஒரு துண்டு போதும். கருவாடு வேண்டாம், உப்பு. வாரம் ஒரு நாள் கோழி ஈரல் ஒரு டேபிள் ஸ்பூன், வேகவைத்து மசித்து. சைவ வீடாக இருந்தால் முளைகட்டிய சிறுபயறு, துவரை, முருங்கைக்கீரை, கூடவே கொய்யாவோ எலுமிச்சைச் சாறு சில சொட்டோ. அவற்றிலுள்ள வைட்டமின் சி அந்த இரும்பை இழுத்துச் சேர்க்கும். களக்காட்டு ஏத்தன் (நேந்திரம்) பழத்தை அவித்து மசித்துக் கொடுப்பது நல்ல வழக்கம், அதையும் சேருங்கள்.

எட்டு வகை உணவில் ஒரு நாளைக்குக் குறைந்தது ஐந்து வகை போக வேண்டும் என்பது விதி: தாய்ப்பால், தானியம், பருப்பு, பால், முட்டை, மீன்-கறி, கீரை-பூசணி-பப்பாளி போன்ற நிறமுள்ளவை, மற்ற காய்-பழம். உங்கள் பிள்ளைக்கு இப்போது போவது தாய்ப்பால், தானியம், பால், மூன்றுதான். பருப்புத் தண்ணியைப் பருப்பாக எண்ண முடியாது.

இவற்றோடு, ஆறு மாதம் முடிந்த பிள்ளைகளுக்குக் கிராம சுகாதார செவிலியர் தருகிற இரும்புச்சத்து சிரப்: வாரம் இரண்டு முறை, ஒரு தடவைக்கு 1 மில்லி. மலம் கறுப்பாகப் போகும், அது இயல்பு. பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். பல வீடுகளில் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்து பாட்டிலைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். ஒன்பதாம் மாதத் தடுப்பூசியோடு தருகிற வைட்டமின் ஏ சொட்டையும் தவற விடாதீர்கள்.

இனி உங்கள் மாமியார். அவர்கள் நீர்க்கக் கொடுப்பது அலட்சியத்தால் இல்லை, பயத்தால். நம் ஊரில் பிள்ளை கெட்டியாகச் சாப்பிட்டு ஓங்கரித்தால் ‘தொண்டையில தங்கிட்டு, தொக்கம் எடுக்கணும்’ என்று தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பருப்பும் முட்டையும் மாந்தம் என்று தள்ளிவைப்பார்கள். தொண்டையில் தங்கியதை ஊதியும் உறிஞ்சியும் எடுப்பதாகச் சொல்வதுதான் தொக்கம் எடுப்பது. ஒருமுறை தொக்கம் எடுத்த பிள்ளைக்கு ஒரு மாதம் தண்ணீர்க் கஞ்சிதான். ஓங்கரிப்பும் அடைப்பும் வேறு வேறு. முகம் சிவந்து, சத்தம் போட்டு, நாக்கை வெளியே தள்ளினால் அது ஓங்கரிப்பு. புதுப் பதத்தைப் பழகுகிற பிள்ளை அப்படித்தான் செய்யும், அதுவே சரிசெய்துகொள்ளும். சத்தமே இல்லாமல், மூச்சு வராமல், உதடு நீலமானால் அது அடைப்பு. உடனே பிள்ளையைக் கவிழ்த்து, தலை தாழ முன்கையில் தாங்கி, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு தட்ட வேண்டும். வெளியே வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மூச்சு வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தபடியே 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். முழு நிலக்கடலை, திராட்சை, பொரிகடலை கைக்கு எட்டக்கூடாது. தொக்கம் எடுப்பவர் வாயை வைத்து ஊதுவதும் உறிஞ்சுவதும் நுரையீரலில் சளியும் கிருமியும் போக வழி.

ஆச்சியிடம் ‘நீங்க செய்றது தப்பு’ என்று ஆரம்பித்தால் வேலைக்காகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டில் இருக்கும்போது, அவர்கள் கையாலேயே கெட்டிக் கஞ்சியைக் கரண்டி நுனியில் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை விழுங்குவதைக் கண்ணால் பார்த்தால் பயம் போகும். மடியில் மல்லாத்திப் போட்டுச் சங்கிலோ பாலாடையிலோ புகட்டும் பழக்கத்தை இத்தோடு நிறுத்த வேண்டும். உட்கார வைத்து ஊட்ட வேண்டும். பிள்ளைக்கென்று தனிக் கிண்ணம் இருந்தால்தான் எவ்வளவு போனது என்று தெரியும். ஒரு வேளைக்கு இருபது, முப்பது நிமிடம் ஆகும். டிவி ஓடக்கூடாது, வாயைப் பிளந்து திணிக்கவும் கூடாது. பிள்ளை முகத்தைத் திருப்பினால் ஒரு நிமிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு மறுபடி நீட்டலாம்.

இந்த இருபது நிமிடம்தான் நம் பக்கத்தில் கிடைக்காத பொருள். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் இரண்டு பருவத்திலும் நடவு, களையெடுப்பு என்றால் தாய்மார் விடியலில் போய்விடுவார்கள். உங்கள் வறண்ட பக்கத்தில் நூறு நாள் வேலை. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் தாய் வீட்டிலேயே இருப்பாள், ஆனால் பீடித்தட்டு மடியில் இருக்கும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிச் சுற்றும்போது எழுந்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் கூலியில் குறையும். கையிலும் சேலையிலும் புகையிலைத் தூள் படிந்திருக்கும். அவர்கள் பால் கொடுக்கும் முன் கையையும் மார்பையும் சோப்புப் போட்டுக் கழுவி, சேலையை மாற்றிக்கொள்ள வேண்டும், தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. வேலைப் பளுவால்தான் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் பிள்ளையின் மதியச் சாப்பாடாகிறது. டீயில் தொட்டுக் கொடுக்கிற பிஸ்கட் இரட்டைக் கேடு. பிஸ்கட்டில் மைதாவும் சீனியும்தான், டீயிலுள்ள டானின் இரும்பைச் சேரவிடாது.

உங்கள் வேலையைப் பொறுத்தவரை, தாய்ப்பாலைக் குறைக்காதீர்கள். கடையில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை வழக்கமான இடைவேளைக்கு மேல் இரண்டு பாலூட்டும் இடைவேளை கேட்க மத்தியச் சட்டத்தில் உங்களுக்கு உரிமை உண்டு. வீடு தூரம் என்பதால் அந்த நேரத்தில் பால் பீய்ச்சலாம். கை கழுவி, கொதிக்க வைத்த எவர்சில்வர் மூடிப் பாத்திரத்தில் சேகரித்தால் நம் ஊர் வெயிலுக்கு நாலு மணி நேரம்வரை வெளியே வைக்கலாம். அதற்கு மேல் என்றால் ஃபிரிட்ஜ் வேண்டும். அங்கே சேகரிக்க வசதியில்லை என்றாலும் பீய்ச்சிவிடுங்கள். மார்பு கட்டியே இருந்தால் பால் ஊறுவது தானாகக் குறையும். காலை கிளம்புமுன் ஒன்று, வந்ததும் ஒன்று, இரவில் கேட்கும்போதெல்லாம். இரவுப் பாலை நிறுத்தச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். உங்களுக்கும் தினமும் 500 கலோரிக்கு மேல் கூடுதலாக வேண்டும்: இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, இரவில் கூடுதலாக ஒரு கரண்டி சோறும் பருப்பும்.

சாயங்காலப் பசும்பாலை டம்ளராகக் கொடுப்பதை ஒரு வயதுவரை நிறுத்துங்கள். அது வயிற்றை அடைத்துக் கஞ்சியைத் தள்ளிவிடும், கைக்குழந்தையின் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவையும் உண்டாக்கலாம். கஞ்சியில் கலந்து காய்ச்சவோ, இரண்டு ஸ்பூன் தயிராகவோ கொடுக்கலாம். அந்த நேரத்துக்குப் பழமோ அவித்த முட்டையோ. ரப்பர் பாட்டில் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். அந்த நிப்பிளைக் கிராமத்து வீட்டில் முழுசாகச் சுத்தம் செய்ய முடியாது.

அடுத்த பிள்ளைக்கும், அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து ஒன்று. தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான், அதே 2019–21 கணக்கெடுப்பில் 99.6 சதவீதம். ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் குடித்த பிள்ளைகள் 60 சதவீதம்தான். ஆபரேஷன் என்றாலும் தாய்க்குப் பக்கத்தில் படுக்க வைத்துக் குடிக்க வைக்கலாம். அந்த இடைவெளியில்தான் சேனை வைக்கிறோம் என்று சீனித் தண்ணியும் கழுதைப்பாலும் உள்ளே போகின்றன. ஆறு மாதம்வரை தண்ணீரும் வேண்டாம், அக்கினி நட்சத்திரத்திலும் வேண்டாம். தாய்ப்பாலில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர்தான். உரைமருந்தில் ஜாதிக்காயை அளவில்லாமல் இழைத்துப் புகட்டினால் பிள்ளை மயங்கித் தூங்கும், தூங்குகிற பிள்ளை பால் குடிக்காது. சமர்த்தாகத் தூங்குகிறான் என்று வீடே சந்தோஷப்படும், எடை நிற்கும்.

பேதியானால் பத்தியம் போடாதீர்கள். ஜவ்வரிசிக் கஞ்சியும் அரரூட் கஞ்சியும் வெறும் மாவுச்சத்து. ஓஆர்எஸ், பதினான்கு நாள் துத்தநாக மாத்திரை (ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம்), தாய்ப்பால், வழக்கமான கெட்டிக் கஞ்சி. குணமான பிறகு இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதல். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு பேதி வந்து இழந்த எடையை இந்தக் கூடுதல் வேளை இல்லாமல் பிள்ளை மீட்பதில்லை.

கண்ணு படும் என்று எடை பார்க்க விடாத வீடுகள் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி இல்லை, நல்லது. பதினைந்து நாள் கழித்து, அதே பால்வாடியில், அதே தராசில், சட்டையில்லாமல் நிறுத்துப் பாருங்கள். 150 கிராமாவது ஏறியிருந்தால் வழி சரி, ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நாலு வேளையாகக் கூட்டுங்கள். இவ்வளவும் சரியாகக் கொடுத்தும் ஏறவில்லை என்றாலோ, அடிக்கடி சளி, காய்ச்சல், பால் குடிக்கும்போது வியர்வை, மூச்சு வாங்கல் இருந்தாலோ சாப்பாட்டைத் தாண்டிய காரணம் தேட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு எழுதி வாங்கிப் போங்கள். கைச்சுற்றளவு நாடா பால்வாடியிலேயே இருக்கும், மேல்கையின் நடுவில் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 11.5க்குக் கீழே என்றாலோ, இரண்டு பாதத்திலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.